தலைவனும் தலைவியும் பிடிக்காமற்போன காதல் நாவலை வாசிக்கும் முறை

திருகோணமலையின் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில், பூரணை விடுமுறை நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி, அந்த மாதம் வாசித்த நூலைப் பற்றிப் பேசுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. கடந்த மாசியில் ஒரு காதல் நாவலை எடுத்தோம். அப்போது எங்கு போனாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் முதல் வங்கியில் வேலை செய்யும் பெண்கள் வரை அதைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இரவலாகக் கிடைத்த ஒரே பிரதி, அட்டை மூலைகள் மடிந்து, முதுகு பிரிந்து, நான்கு வீடுகளைச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தபோது எனக்குள் மிஞ்சியிருந்தது கோபமா, சலிப்பா, என் இரசனையில்தான் ஏதோ குறை இருக்கிறது என்ற ஐயமா என்று பிரித்தறிய முடியவில்லை. தலைவனை எனக்குப் பிடிக்கவில்லை. தலைவியையும் பிடிக்கவில்லை. ஊரே கொண்டாடும் ஒன்று எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்பதும் விளங்கவில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் அதே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவர் "கதை நல்லம், எனக்குத்தான் சரிவரேல்ல" என்று சொல்லி ஒதுங்கினார், இன்னொருவர் "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். க.பொ.த. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் தங்கையின் மகள்தான் கடைசியாக வாய் திறந்தாள். "பெரியம்மா, அவன் செய்யிறது எனக்குப் பிடிக்கேல்ல. அதுகூடப் பரவாயில்ல. புத்தகம் முழுக்க அவனையே புகழுது, அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் பழகிக்கொண்ட வாசிப்பு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதியவரை நோகடிப்பது என் நோக்கம் இல்லையாதலால் அந்த நாவலின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் வாசகர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாளாவது இத்தகைய நூலொன்று வந்து சேர்ந்திருக்கும்.

மூன்று நிரல் கொண்ட கொப்பி

"பிடிக்கவில்லை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மேலே எதுவும் செய்ய முடியாது. அது எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே நூலை மூடியவுடன் ஒரு கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தில் நெடுக இரண்டு கோடுகள் இழுத்து மூன்று நிரல்கள் ஆக்குங்கள். முதல் நிரலில் பக்க எண்ணையும், இரண்டாம் நிரலில் அந்தப் பக்கத்தில் தலைவனோ தலைவியோ செய்த காரியத்தையும் எழுதுங்கள். மூன்றாம் நிரலில், அந்தக் காரியம் நடந்த பின் அடுத்த நாலைந்து வாக்கியங்களுக்குள் நூல் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை எழுத வேண்டும். முதலிரண்டும் எளிது. மூன்றாவதை நிரப்பும்போதுதான் உண்மை வெளியே வரும். அவசரப்படாமல், பக்கத்தை மறுபடி திறந்து, கண்ணால் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

என் மகள் முறையானவள் அப்படி எழுதிய கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓரிடத்தில் தலைவி குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் தலைவன் அவளது கைபேசியை எடுத்து, அவளோடு கூடப் படித்த ஒருவனின் இலக்கத்தை அழித்துவிடுகிறான். அவள் அதை அறிந்து அரை நாள் பேசாமல் இருக்கிறாள், மாலையில் அவன் மல்லிகைச் சரம் வாங்கி வருகிறான், அவள் சிரித்துவிடுகிறாள். இரண்டாம் நிரலில் இவ்வளவையும் பொடி எழுத்தில் எழுதியவள், மூன்றாம் நிரலில் "அன்பு என்று சொல்கிறது" என்று எழுதியிருக்கிறாள். இன்னோரிடத்தில் தலைவி, வீட்டில் சமைக்க வரும் வயதான அம்மாவின் மேல் தேநீர்க் கோப்பையை வீசுகிறாள். அதற்கு நேரே "துணிச்சலான பெண் என்று சொல்கிறது" என்று இருக்கிறது. இப்படிப் பதினான்கு இடங்கள். அவற்றுள் இரண்டே இரண்டு இடங்களில்தான் நூல் தானும் அந்தச் செயலைக் குறை என்று கண்டிருந்தது.

ஒரு நாவலின் தலைமக்கள் கெட்டவர்களாக இருப்பதனால் மட்டும் வாசகர் ஏமாறுவதில்லை என்பது இந்தக் கணக்கைப் பார்த்தபோது எங்களுக்குத் தெளிவாயிற்று. அவர்கள் எத்தகையவர்கள் என்பது வாசகருக்குத் தெரிந்து, நூலுக்குத் தெரியாமல் இருக்கும்போதுதான் மனம் ஒட்டாமல் விலகுகிறது. எனவே கொப்பி நிறைந்த பின் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை இந்த நூல் அறிந்திருக்கிறதா என்பதே. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால், அந்த நூலைக் குறைகூறுவதா, பொறுமையோடு மறுபடி வாசிப்பதா, ஒதுக்கிவைப்பதா என்பது தானாகவே தீர்ந்துவிடும்.

சாட்சி யார் என்று தேடுங்கள்

நூல் அறிந்திருக்கிறதா என்பதை எப்படிக் காண்பது? கதைக்குள் சாட்சியாக நிற்பவர் யார், அவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்று தேடிப் பார்ப்பதே எளிய வழி. இதற்கு எமிலி புரொண்டே எழுதி 1847இல் வெளிவந்த வதரிங் ஹைட்ஸ் நாவலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. காதல் நாவல் என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற அந்த நூலை எதிர்பார்ப்போடு எடுத்து, தலைவன் ஹீத்கிளிஃப்பையும் தலைவி கேத்தரினையும் சகிக்க முடியாமல் பாதியில் வைத்தவர்கள் எங்கள் வட்டத்திலேயே மூவர் உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி. முதல் முறை வாசித்தபோது பத்தாம் அத்தியாயத்துக்கு அப்பால் என்னால் போக முடியவில்லை.

இரண்டாம் முறை கொப்பியோடு உட்கார்ந்தபோது, முதலில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கதையைக் காதலர்கள் சொல்லவில்லை. வீட்டைப் பராமரிக்கும் நெல்லி டீன் என்ற பெண், நோயுற்றுப் படுத்திருக்கும் லொக்வூட் என்ற குடியிருப்பாளருக்குச் சொல்கிறாள். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. கேத்தரினைக் காதலிக்கும் எட்கார் லிண்டன் அவளைப் பார்க்க வந்திருக்கிறான். அறையை விட்டு வெளியே போகாமல் துப்புரவு செய்துகொண்டு நிற்கும் நெல்லியின் கையை, எட்கார் காணமாட்டான் என்று எண்ணிக் கேத்தரின் கிள்ளிவிடுகிறாள். பிறகு நான் தொடவே இல்லை என்று சாதிக்கிறாள். நெல்லி உடனே தன் கையில் கன்றிச் சிவந்த அடையாளத்தை எடுத்துக் காட்டுகிறாள். மாட்டிக்கொண்ட கேத்தரின் அவளது கன்னத்தில் அறைகிறாள். அழத் தொடங்கிய குழந்தை ஹேர்ட்டனைப் பிடித்து உலுக்குகிறாள். தடுக்க வந்த எட்காரின் காதிலும் ஓர் அடி விழுகிறது. கிள்ளியதும், பொய் சொன்னதும், அந்தப் பொய்க்கு எதிரான அடையாளமும் ஒரே பக்கத்தில் வாசகரின் கண் முன்னால் வைக்கப்படுகின்றன. இவளை நீங்கள் விரும்பியே ஆகவேண்டும் என்று நூல் எங்கும் கேட்கவில்லை. மூன்றாம் நிரலில் எழுதுவதற்குத் தேவையானதை நெல்லியே சொல்லித் தருகிறாள்.

நெல்லியையும் முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில், ஹீத்கிளிஃப்பை மணப்பது தனக்கு இழிவாகும் என்று கேத்தரின் நெல்லியிடம் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹீத்கிளிஃப், தன்னை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்று சொல்லும் பகுதியைக் கேளாமலே எழுந்து போய்விடுகிறான். அவன் போவதைக் கண்ட நெல்லி அதை அப்போதே கேத்தரினிடம் சொல்லவில்லை. சாட்சிக்கும் குறை இருக்கிறது; அந்தக் குறையை நூலாசிரியர் அறிந்தே வைத்திருக்கிறார். இத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்கும்போது, பிடிக்காத மனிதர்களைப் பற்றிய நூல்கூட எவ்வளவு பிடித்தமானதாக மாறுகிறது என்பதை அனுபவித்துத்தான் அறிய வேண்டும்.

அதே நாவலில் ஹீத்கிளிஃப்பை நாயகனாக எண்ணி அவனோடு ஓடிப்போகும் இசபெல்லாவின் கதையைக் கட்டாயம் நிதானித்து வாசியுங்கள். அவள் போன இரவில் அவளது சிறிய நாய், குதிரைக் கடிவாளம் மாட்டும் கொக்கியில் ஒரு கைக்குட்டையால் தூக்கிலிடப்பட்டு, மூச்சு நிற்கும் நிலையில் தொங்குவதை நெல்லி கண்டு அவிழ்த்துவிடுகிறாள். இரண்டு அத்தியாயங்கள் கடந்து ஹீத்கிளிஃப் தானே அதை ஒப்புக்கொள்கிறான். காதல் கதைகளில் வரும் வீரனாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டுதான் அவள் வந்தாள் என்று ஏளனமாகவும் சொல்கிறான். காதல் நாயகன் ஒருவனைத் தேடி அந்த நூலுக்குள் வந்த என்னைப் போன்ற வாசகருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன இருக்க முடியும்? எமிலி 1848இல் இறந்துபோன பின், 1850ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய அவருடைய அக்கா சார்லட், ஹீத்கிளிஃப் போன்ற ஒருவனைப் படைப்பது தகுமா என்று தானே ஐயப்பட்டார். ஆகவே அந்த நூலை வாசித்து முகம் சுளித்தவர்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆங்கில நாவலுக்குப் போகாமல் நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கோவலனைப் போல ஏமாற்றம் தரும் தலைவன் யார்? மனைவியைத் தனியே விட்டு, பொருளையெல்லாம் தொலைத்து, வெறுங்கையோடு திரும்பி வருகிறான். ஆயினும் சிலப்பதிகாரம் நம்மைக் கைவிடுவதில்லை. கொலைக்களக் காதையில், மதுரையில் ஆயர் வீட்டில் கண்ணகி சமைத்த உணவை உண்ட பின், கோவலன் தன் தவறுகளையெல்லாம் தானே எடுத்துச் சொல்லி வருந்துகிறான். அதற்குக் கண்ணகி, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மூன்றே சொற்கள். கனாத்திறம் உரைத்த காதையில் தன் காற்சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொன்ன அதே கண்ணகி, இங்கே அவன் செய்தது போற்றத்தக்கது அன்று என்பதைச் சொல்லாமல் விடவில்லை. நூல் அறிந்திருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். நீங்கள் வாசித்த நாவலில் இப்படி ஒரு குரல் எங்காவது, தாயின் வாயிலாகவோ தோழியின் வாயிலாகவோ, கேட்கிறதா என்று தேடுங்கள். கேட்டால், அந்த நாவலுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

காதலின் வகையைப் பெயர் சொல்லி அழையுங்கள்

அடுத்த படியாக, நூலில் இருக்கும் உறவு எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளுங்கள். தமிழில் இதற்கு வேண்டிய சொற்கள் தொல்காப்பியக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கின்றன. பொருளதிகாரம் அகத்திணைகள் ஏழு என்று வகுக்கிறது. குறிஞ்சி முதலிய ஐந்தும் ஒத்த அன்பின் திணைகள். அவற்றுக்கு முன்னால் ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும், பின்னால் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையும் வைக்கப்பட்டுள்ளன. பெருந்திணைக்கு உரியவையாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில், தெளிவு நீங்கிய காமமும், மிகுந்த காமத்தால் வலிந்து கொள்ளுதலும் இடம்பெறுகின்றன. அவற்றை அவர் இலக்கியத்துக்கு வெளியே தள்ளிவிடவில்லை. பாடக் கூடாது என்று தடுக்கவுமில்லை. ஐந்திணையோடு கலந்துவிடாதபடி வேறு பெயர் கொடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

இந்தப் பிரிவு இன்றைய நாவலுக்கு அப்படியே பொருந்துகிறது என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வதரிங் ஹைட்ஸ் பெருந்திணையைப் பெருந்திணையாகவே எழுதிய நூல். நாங்கள் மாசியில் வாசித்த நாவலோ பெருந்திணையை எழுதி, ஐந்திணை என்று அட்டையில் அச்சிட்ட நூல். கொப்பியின் கடைசியில் "இது எந்தத் திணை? நூல் தன்னை எந்தத் திணை என்று சொல்லிக்கொள்கிறது?" என்று இரண்டு கேள்விகளை எழுதி விடை காணுங்கள். இரண்டு விடைகளும் வேறுபட்டால், உங்கள் ஏமாற்றம் எங்கிருந்து வந்தது என்பது கைக்கு அகப்பட்டுவிடும்.

ஊடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல காதல் நாவல்களில் தலைமக்கள் நமக்குச் சலித்துப்போவதற்கு அவர்களின் குணம் காரணம் ஆவதில்லை. ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் பிணக்கை இருநூறு பக்கங்களுக்கு இழுப்பதே காரணம். தொடராக வெளிவந்து பிறகு நூலான நாவல்களில் இது மிகுதி, ஏனெனில் ஒவ்வொரு வாரமும் வாசகரை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைக்க வேண்டும். ஊடல் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும், நீண்டுவிட்டால் உப்பு மிகுந்தது போலாகும் என்று 1302ஆம் குறள் சொல்கிறது. உப்பின் பெயரையே தாங்கிய ஊரில் இருந்துகொண்டு அதை வாசிக்கும்போது எனக்கு அது இன்னும் நெருக்கமாகப் படுகிறது. உங்கள் நாவலில் பிணக்கு எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் தீர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இடைப்பட்ட பக்கங்களில் இருவரைப் பற்றியும் புதிதாக ஏதும் தெரியவராவிட்டால், கெட்டுப்போனது கதையின் நீளம். தலைமக்களைக் குறைகூற வேண்டியதில்லை.

புகழ் சொல்வதையும் நூல் சொல்வதையும் பிரித்துவிடுங்கள்

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கோணேசர் மலைக்கு யாரை அழைத்துப் போனாலும், கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் செங்குத்துப் பாறையின் அருகில், ஒல்லாந்துப் பெண் ஒருத்தி தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிப் போன காதலனை நினைத்து அங்கிருந்து பாய்ந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டோம். அந்தக் கதையோடு சேர்த்துப் பேசப்படுவது பிரான்சினா வான் ரீட் என்ற பெயரும், 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதியும் ஒல்லாந்து மொழியில் பொறிக்கப்பட்ட ஒரு கல்தூண். அந்தக் கல்வெட்டு அவருடைய நினைவாக நிறுத்தப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. காதலனைப் பற்றியோ, கப்பலைப் பற்றியோ, பாய்ந்ததைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. நானும் சிறுவயதில் கேட்ட கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கல்லில் இருப்பது இவ்வளவுதான் என்று அறிந்த பிறகு அந்தக் கதையின் காதலனைப் பற்றி எனக்குள் புதிய கேள்விகள் எழுந்தன. அவன் எத்தகையவன் என்று நாம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. பாறையின் உயரமும் கடலின் ஆழமும் கேட்பவர் மனத்தை நிறைத்துவிடுகின்றன.

நாவல்களுக்கும் இதுவே நேர்கிறது. வதரிங் ஹைட்ஸ் என்றால் புயலடிக்கும் மேட்டுநிலமும் சாவைக் கடந்த காதலும் என்று ஊர் சொல்கிறது. நூலைத் திறந்தால், கேத்தரின் பதினாறாம் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள், மொத்தம் முப்பத்து நான்கு அத்தியாயங்களில் மீதிப் பாதி பழிவாங்கலும் அடுத்த தலைமுறையின் துன்பமும் அதிலிருந்து அவர்கள் மீளும் வழியும் ஆகும். ஆகவே ஏமாற்றம் வந்தவுடன், நீங்கள் வாசிக்கத் தொடங்கும் முன்பு அந்த நூலைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள், பின்னட்டை என்ன வாக்களித்தது, முன்னட்டைப் படம் எதைக் காட்டியது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நூலே தன் முதல் அத்தியாயத்தில் என்ன வாக்களிக்கிறது என்று வாசியுங்கள். நூல் தன் வாக்கைக் காப்பாற்றி, பின்னட்டை மட்டும் பொய்த்திருந்தால், உங்கள் மனத்தாங்கல் பதிப்பாளரோடு இருக்க வேண்டியது.

மொழிபெயர்ப்பையும் சுருக்கத்தையும் சோதியுங்கள்

இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிறமொழிக் காதல் நாவலைத் தமிழில் வாசிக்கும்போது, தலைமக்கள் பிடிக்காமற்போவதற்கு மொழிபெயர்ப்பில் எடுக்கப்பட்ட ஒரு சிறு முடிவு காரணமாக இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வோர் உரையாடலிலும் "நீ" என்பதா, "நீங்கள்" என்பதா, "நீர்" என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். மூலத்தில் சமமாகப் பேசிக்கொள்ளும் இருவர், தமிழில் அவன் அவளை "நீ" என்றும் அவள் அவனை "நீங்கள்" என்றும் அழைக்கத் தொடங்கியவுடன் வேறு இருவராக மாறிவிடுகிறார்கள். மூலத்தில் குத்தலாகப் பதில் சொல்லும் பெண் தமிழில் பணிந்து முறையிடுபவளாகவும், கேலியாகப் பேசும் ஆண் அதட்டுபவனாகவும் ஆகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சோதிக்கும் வழி இதுதான். உங்களை மிகவும் உறுத்திய உரையாடல் ஒன்றை எடுத்து, முன்னிலைச் சொற்களை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். இருவரும் "நீ" என்று பேசினால் எப்படி இருக்கும்? இருவரும் "நீங்கள்" என்று பேசினால்? எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதிக்கிடையே வழங்கும் "நீர்", "உமக்கு" என்பவற்றை வைத்து வாசித்தால்? ஒரு சொல்லை மாற்றியவுடன் அந்த மனிதர் சகிக்கத்தக்கவராக மாறினால், உங்கள் மனக்குறைக்குக் காரணமான இடம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மாற்றியும் மாறாவிட்டால், அது மூலத்திலேயே இருக்கிறது. நாங்கள் மாசியில் வாசித்தது தமிழிலேயே எழுதப்பட்டது. ஆகவே அதற்கு இந்தச் சமாதானம் கிடைக்கவில்லை.

சுருக்கப் பதிப்புகளிலும் கவனம் தேவை. மாணவருக்காகச் சுருக்குபவர்கள் பெரும்பாலும் நடந்தவற்றை வைத்துக்கொண்டு, நடந்தவற்றைப் பற்றிய பேச்சை வெட்டிவிடுகிறார்கள். நெல்லியின் கண்டிப்பும் ஐயமும் போய்விட்டால், மிஞ்சுவது ஹீத்கிளிஃப்பின் கொடுமை மட்டுமே. மூன்றாம் நிரல் முழுவதும் வெறுமையாகிவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இயன்றவரை முழு நூலையே வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடர்வதா, வைத்துவிடுவதா

பாதியில் நிற்பவர்களுக்கு என் முறை எளியது. கொப்பியில் ஐந்து இடங்கள் எழுதும் வரை வாசியுங்கள். ஐந்தில் ஓரிடத்திலாவது நூல் தன் மனிதரைக் கண்திறந்து பார்த்திருந்தால் தொடருங்கள். ஓரிடத்திலும் இல்லாவிட்டால், கடைசி அத்தியாயத்தை மட்டும் திறந்து, செய்த பிழைக்கு யார் விலை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செய்தவரே கொடுத்திருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது, போய் வாசிக்கலாம். வீட்டில் சமைக்க வந்த அம்மாவும், இலக்கம் அழிக்கப்பட்ட தோழனும், பேச்சு மறுக்கப்பட்ட தங்கையும் மட்டுமே கொடுத்திருந்தால் நூலை வைத்துவிடுங்கள். எடுத்த நூலை முடிக்காமல் வைப்பது பாவம் என்று பழக்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. நூலகத்தில் ஒன்றை எடுக்க முறை பார்த்துக் காத்திருந்த காலத்தில் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. இன்று உங்கள் மாலைப்பொழுதுக்கும் மதிப்பு உண்டு.

பிறரிடம் சொல்லும் முறை

அந்த நூலை உங்களுக்குத் தந்தவர் அதை நேசிப்பவராக இருப்பார். "நல்லா இல்லை" என்று திருப்பிக் கொடுத்தால், அவர் தம்மையே குறைகூறியதாக எடுத்துக்கொள்வார். ஆகவே முழு நூலைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லாமல், ஒரே ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்லி, அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். நூலைக் கொண்டாடுபவர்கள் ஏமாந்தவர்கள் என்ற எண்ணம் உங்கள் குரலில் வரவே கூடாது. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இரவு பத்து மணிக்குப் பத்துப் பக்கம் வாசிக்கும் ஒரு பெண், தன்னை ஒருவன் இவ்வளவு தீவிரமாக விரும்புவதைக் கற்பனையிலாவது அனுபவிக்க எண்ணுவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த விருப்பத்தை மதித்துக்கொண்டே, அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கலாம்.

வயதில் இளையவர்களிடம் பேசுவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அங்கே பேசப்படுவது நாவல் மட்டும் அன்று. பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி, கைபேசியைச் சோதிப்பது அன்பின் அடையாளம் என்று நம்பி வளர்வது எனக்கு உண்மையாகவே அச்சம் தருகிறது. ஆனால் நூலைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினால் அவள் வேறு இடத்தில் வாசித்துக்கொள்வாள். கொப்பியைக் கொடுங்கள். மூன்றாம் நிரலை அவளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருந்தால் போதும், பதில் சொல்லிக் கொடுக்க வேண்டாம். என் மகள் முறையானவளுக்கு நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினான்கு இடங்களையும் அவளே கண்டுபிடித்தாள்.

இரவல் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன், பென்சில் கோடுகளை மெதுவாக அழித்துவிடுங்கள். அவளும் அழித்தாள். பிறகு கொப்பியிலிருந்து ஓர் ஒற்றையைக் கிழித்து, "அக்கா, 112ஆம் பக்கத்தில் அவர் போனை எடுக்கிற இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று வாற பூரணைக்கு வந்து சொல்லுங்கோ" என்று எழுதி, அந்தப் பக்கத்துக்குள் வைத்தாள். புத்தகத்துக்கு உரியவர், வங்கியில் வேலை செய்யும் ஓர் இளம் பெண், பங்குனிப் பூரணைக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கு முன்னமே பையிலிருந்து நாவலை எடுத்தார். "நான் இதை மூன்று தரம் வாசிச்சிருக்கிறன் அன்ரி, அந்தப் பக்கம் எனக்கு ஞாபகமே இல்லை" என்றார். ஒற்றை அதே இடத்தில்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் கேட்க, அந்தப் பக்கத்தை அவரே உரக்க வாசிக்கத் தொடங்கினார்.